உம்மாவின் சேலையில் நாலரை அங்குலம்

 

ஒரு வீட்டில் உம்மா வபாத்தாகி, ஜனாஸா நல்லடக்கம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் கலைந்து போன பின்னர் அவ்வீட்டுப் பெண்மக்களின் முன்னால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கும். உம்மாவின் உடுப்புகளை என்ன செய்வது?

மையித்தின் உடுப்பு வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லி, மூன்றாம் நாளே பொதி கட்டிக் கொடுத்து விடுவோர் உண்டு. அலுமாரியைப் பூட்டி, பூச்சி உருண்டை போட்டு, வருடக்கணக்கில் திறக்காமலே வைத்திருப்போரும் உண்டு. இப்போது மூன்றாவது ஒரு வழக்கமும் நம் வீடுகளுக்கு வந்திருக்கிறது. அந்தச் சேலைகளில் இருந்து துண்டுகள் வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, சாப்பாட்டு மேசையின் நடுவே நீளவாக்கில் விரிக்கும் ஒடுங்கிய விரிப்பாகத் தைத்துக் கொள்கிறார்கள். கடைகளில் இதனை 'ரன்னர்' என்பார்கள். மேல் துணி, நடுவில் மெத்தென்ற ஒரு துணி, அடித்துணி என மூன்று படைகளையும் சேர்த்து நூலோட்டம் போட்டுத் தைப்பதனால் சூடான பாத்திரம் வைத்தாலும் மேசை பழுதாகாது. பார்க்கவும் அழகு.

"ஹஸரத், இப்படித் தைத்து வைப்பது கூடுமா?" என்று என்னிடம் ஓதும் மாணவிகள் ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். கூடும் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னர் செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. நம்மில் பலர் அதை நினைத்தும் பார்ப்பதில்லை. அதைச் சொல்வதற்காகவே இதனை எழுதுகிறேன்.

முதலில் கூடுமா என்பதைப் பார்ப்போம். இறந்தவரின் உடுப்பை வீட்டில் வைத்திருப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்களின் ஜுப்பா ஒன்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்களிடம் இருந்தது. அன்னையவர்கள் வபாத்தான பின்னர் அவர்களது சகோதரி அஸ்மா (ரழி) அவர்கள் அதனை எடுத்து வைத்திருந்தார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நபிமார்களின் பொருள் வாரிசுச் சொத்தாகாது என்பதும், அந்த ஜுப்பாவுக்கு இருந்த பரக்கத்தோடு நம்மவர்களின் உடுப்பை ஒப்பிட முடியாது என்பதும் வேறு விடயங்கள். வபாத்தானவரின் உடுப்பு வீட்டில் இருப்பதே ஆகாது என்றொரு சட்டம் இருந்திருந்தால் அந்த இரு சகோதரிகளும் அதனை வைத்திருக்க மாட்டார்கள் அல்லவா?

ஒரு துணியை வெட்டி இன்னொன்றாகத் தைத்துக் கொள்வதும் அவ்வாறே. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் உருவங்கள் உள்ள ஒரு திரையைத் தொங்க விட்டிருந்ததையும், நபி (ஸல்) அவர்கள் அதனை வெறுத்துக் கிழித்ததையும், அன்னையவர்கள் அத்துணியை வீசி விடாமல் இரண்டு தலையணைகளாகச் செய்து கொண்டதையும் புகாரியில் ஓதுகிறோம். அந்த வீட்டில் துணி வீணாகவில்லை. அதேவேளை சுவருக்கு ஆடை அணிவிப்பதைப் போன்ற வெறும் ஆடம்பரத்தை நபியவர்கள் விரும்பவும் இல்லை. ஆகவே கையில் இருக்கும் துணியைப் பயன்படும் பொருளாக்குவது நல்லது. அதற்கென்று புதுத்துணி வாங்கிக் குவிப்பது நல்லதல்ல.

இனி என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2021 ஜனவரியில் எங்கள் உம்மா வபாத்தானார். வாப்பா அதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே மவுத்தாகி விட்டார். உம்மாவின் பெற்றோரும் இல்லை. பிள்ளைகள் நாங்கள் நால்வர். மூத்தவர் தாத்தா, அடுத்தது நான், பின்னர் தம்பி, கடைசியாகத் தங்கச்சி. சொத்துப் பிரிப்பது பற்றிப் பேசுவதற்காகக் கூட இருந்த வேளையிலேயே தம்பிக்குச் சுகமில்லாமல் போய், மார்ச் மாதம் அவனும் அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றுக் கொண்டான். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவனுக்கு மனைவியும் பன்னிரண்டு வயதில் ஒரு மகனும் ஒன்பது வயதில் ஒரு மகளும் இருந்தார்கள்.

ரமழானுக்கு முன்னர் ஒரு நாள் தாத்தா உம்மாவின் அலுமாரியைத் திறந்தார். பதினெட்டுச் சேலைகள், நான்கு அபாயாக்கள், தொழுகைக்கு உடுத்த வெள்ளை உடுப்புகள், ஒரு சால்வை ஆகியன இருந்தன. சாப்பாட்டு மேசைக்கு ஒரு விரிப்புத் தைக்க வேண்டும், அதில் உம்மாவின் ஒவ்வொரு சேலையையும் கண்ணால் காண வேண்டும் என்பது தாத்தாவின் ஆசை. கத்தரிக்கோலும் கையில் இருந்தது.

"தாத்தா, கொஞ்சம் பொறுங்க. இதுல தம்பிட புள்ளைகள்ட பங்கு இருக்கு" என்றேன்.

தங்கச்சிக்கு அது பிடிக்கவில்லை. "உம்மாட சாரிக்கும் கணக்குப் பாக்கணுமா நானா?" என்று கேட்டு அழுதுவிட்டாள்.

சகோதரிகளே! அவளது கேள்வியை நான் குறையாக எடுக்கவில்லை. நம் சமூகத்தில் பெரும்பாலோர் கேட்கும் கேள்விதான் அது. உடுப்பு என்பது ஒரு சொத்தா? சொத்துத்தான். ஒருவர் இறக்கும் போது அவருக்குச் சொந்தமாக இருந்த அனைத்தும், காணியும் நகையும் காசும் மட்டுமன்றி, அலுமாரியில் இருக்கும் கைக்குட்டை வரை, அவர் விட்டுச் சென்ற பொருளாகும். அதிலிருந்து கபன் செலவு கழிய வேண்டும். கடன் கழிய வேண்டும். வஸிய்யத் இருந்தால் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல் நிறைவேற வேண்டும். எஞ்சியது வாரிசுகளுக்குரியது. சூறா அந்நிஸாவின் ஏழாவது வசனம் பெற்றோர் விட்டுச் சென்றதில் ஆண்களுக்குப் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு என்று சொல்லிவிட்டு, அப்பொருள் குறைவாக இருந்தாலும் சரி, அதிகமாக இருந்தாலும் சரி என்றும் சேர்த்தே சொல்கிறது. அந்தக் 'குறைவு' என்ற சொல்லுக்குள் உம்மாவின் வொயில் சேலையும் அடங்கும்.

வாரிசுகள் எல்லோரும் பருவமடைந்த, புத்தியுள்ளவர்களாக இருந்தால் காரியம் இலகு. நால்வரும் கூடி மனம் விரும்பி, "இதை நீங்களே வைத்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் வாரிசுகளில் ஒரு சிறுபிள்ளை இருந்தால், அப்பிள்ளையின் பங்கை அன்பளிப்பாகக் கொடுக்க யாருக்கும் அதிகாரமில்லை. பெற்ற தாய்க்கும் இல்லை. பிள்ளையே "எடுத்துக் கொள்ளுங்கள்" என்றாலும் அச்சொல் செல்லாது. அனாதையின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்ற எச்சரிக்கை அதே சூறாவின் பத்தாவது வசனத்தில் இருக்கிறது.

பங்கு பிரிக்க முன்னர் ஒரு வாரிசு மவுத்தாகிவிட்டால் அவருடைய பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். பராயிழ் பாடத்தில் இதனை 'முனாஸகா' என்போம். ஒரு தாளை எடுத்து எழுதினோம். அலுமாரியில் இருந்தவற்றுக்கு எங்கள் குடும்பத்தைச் சேராத ஒரு புடவைக் கடைக்காரரை அழைத்து விலை மதித்தோம். தையல்காரப் பெண் ஒருவருக்கு உம்மா கொடுக்க வேண்டியிருந்த 850 ரூபாவை முதலில் கொடுத்தோம். அது போக 36,000 ரூபா பெறுமதி எஞ்சியது.

ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்பதால் மொத்தம் ஆறு பங்குகள். தாத்தாவுக்கு 6,000. தங்கச்சிக்கு 6,000. எனக்கு 12,000. தம்பிக்கு 12,000. தம்பியின் பங்கில் எட்டில் ஒன்று, அதாவது 1,500 ரூபா, அவனது மனைவிக்கு. எஞ்சிய 10,500இல் மகனுக்கு 7,000, மகளுக்கு 3,500.

தம்பி தன் பிள்ளைகளின் பொருளுக்குப் பொறுப்பாளராகத் தன் மனைவியையே இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் நியமித்திருந்தான். அது பெரிய உதவியாக அமைந்தது. அவர் அப்போது இத்தாவில் இருந்தார். தாத்தா உள்ளே போய் ஒவ்வொன்றையும் அவரிடம் விளக்கினார். மகனின் பங்குக்கு வந்த சேலைகளை மதித்த விலைக்கு நான் வாங்கினேன். அந்த 7,000 ரூபாவும் பிள்ளையின் பெயரில் வட்டியில்லாக் கணக்கில் போடப்பட்டது. மகளின் பங்குக்கு, 3,500 ரூபா மதிக்கப்பட்ட ஊதா நிற மணிப்புரிச் சேலை ஒன்றை அப்படியே ஒதுக்கி வைத்தோம். பிள்ளை வளர்ந்ததும் உடுத்திக் கொள்ளட்டும் என்பது அவளது தாயின் விருப்பம்.

இவ்வளவும் முடிந்த பின்னர்தான் தாத்தாவின் விரிப்பு ஆரம்பமானது.

2021 மே, ஜூன் மாதங்களில் பயணத்தடை போட்டிருந்தார்கள். கல்லூரியும் மூடியிருந்தது. எங்கள் வீடுகள் ஒரே வளவில் இருப்பதால் தாத்தாவின் தையல் மெசினுக்குப் பக்கத்தில் அமர்ந்து அடிமட்டம் பிடிப்பதும் கணக்குப் பார்ப்பதும் என் வேலையாயிற்று. கணக்குப் பார்க்கும் போதுதான் ஓர் உண்மை தெரிந்தது. அதை உங்களுக்கும் சொல்கிறேன். இதன்படி நீங்களும் தைக்கலாம்.

தாத்தாவின் மேசை ஆறடி நீளம், மூன்றடி அகலம். விரிப்பின் அகலம் மேசையின் அகலத்தில் மூன்றில் ஒன்றாக இருப்பது அழகு. அதாவது 12 அங்குலம். நீளத்தில் இரு பக்கமும் ஆறு அங்குலம் தொங்க வேண்டுமென்றால் 84 அங்குலம் வேண்டும். நான்கு அங்குலச் சதுரங்களாகப் பிரித்தால் அகலத்துக்கு மூன்று, நீளத்துக்கு இருபத்தொன்று, ஆக 63 சதுரங்கள். நாலா பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டியிருப்பதால் ஒவ்வொரு சதுரத்தையும் நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும்.

ஒரு சேலையின் அகலத்தில் நாலரை அங்குலச் சதுரங்கள் ஒன்பது வெட்டலாம். ஏழு சேலைகளில் ஒன்பது ஒன்பதாக வெட்டினால் சரியாக அறுபத்து மூன்று! ஆகவே ஒரு சேலையிலிருந்து நமக்கு வேண்டியது நாலரை அங்குலப் பட்டி ஒன்று மட்டுமே. அதுவும் இடுப்பில் செருகும் உள்முனையில் இருந்து எடுத்தால் வெளியில் தெரியாது. ஐந்தரை யார் சேலையில் நாலரை அங்குலம் குறைந்து விட்டதென்று உடுப்பவருக்கும் தெரியப் போவதில்லை. சேலைகளைத் துண்டு துண்டாக நாசமாக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. பட்டியை எடுத்துக் கொண்டு, சேலையை உடுக்கலாம். உடுக்காதவர் ஸதகாவும் செய்யலாம்.

ஏழு சேலைகளும் இப்படிச் சேர்ந்தன. தாத்தாவின் பங்கிலிருந்து மூன்று, தங்கச்சியின் பங்கிலிருந்து இரண்டு, எனது பங்கிலிருந்து ஒன்று. ஏழாவதைத் தம்பியின் மனைவி தனக்குச் சொந்தமான 1,500 ரூபாப் பங்கிலிருந்து தானே விரும்பித் தந்தார். "தாத்தா, இதுலயும் ஒரு பட்டி எடுங்க. மாமி எனக்கு மொதல்ல தலைப்பெருநாளுக்குத் தந்த சாரி மாதிரியே இதுவும் இருக்கு" என்று சொல்லி அனுப்பினாராம்.

தைக்கும் முறை இதுதான். துணிகளை முதலில் கழுவிக் காய வையுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் ஒவ்வொன்றையும் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதனைச் சேர்க்க வேண்டாம். ஒரு தடவை குழம்பு சிந்திக் கழுவினாலே மற்றத் துண்டுகளையும் அது கெடுத்துவிடும். பருத்தியும் வொயிலும் தைக்க இலகு. பட்டும் நைலெக்ஸும் மெசினில் வழுக்கும். அயன் பண்ணிய பின்னரே அளந்து வெட்டுங்கள். மூன்று மூன்று சதுரங்களாக இணைத்து இருபத்தொரு வரிசைகள் தைத்து, ஒவ்வொரு வரிசையின் தையலோரங்களையும் ஒரே பக்கமாக மடித்து அயன் பண்ணுங்கள். முதல் வரிசைக்கு வலப்பக்கம் மடித்தால் அடுத்ததற்கு இடப்பக்கம் மடிக்க வேண்டும். அப்போதுதான் வரிசைகளை இணைக்கையில் மூலைகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும். தடிப்பும் ஓரிடத்தில் சேராது.

நடுப்படைக்குப் பழைய பிளானல் துணி போதும். அடித்துணியையும் நடுத்துணியையும் மேல் துணியை விட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுருக்கமின்றி விரித்து, நீளமான தற்காலிக நூலோட்டத்தால் பிடித்துக் கொண்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி குமிழ்ந்து நிற்கும். கடைசியாக ஓரங்களை வெட்டிச் சமன் செய்து, இரண்டரை அங்குலப் பட்டியை இரண்டாக மடித்துச் சுற்றிவரத் தைத்து விட்டால் முடிந்தது. மூலை திரும்புவது உட்பட அப்பட்டிக்கு ஏறக்குறைய ஐந்தே முக்கால் யார் நீளம் வேண்டும்.

அடித்துணிக்குத் தாத்தா எடுத்தது, வாப்பா மவுத்தான போது உம்மா இத்தாவில் உடுத்த வெள்ளைச் சேலையை. இத்தாவுக்கு வெள்ளைதான் உடுக்க வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கமே தவிர மார்க்கச் சட்டமல்ல. அலங்காரம் தவிர்ப்பதே சட்டம். ஆயினும் நான்கு மாதமும் பத்து நாட்களும் உம்மா பொறுமையோடு உடுத்த துணி அது. மேலே ஏழு நிறங்கள், கீழே அந்த வெள்ளை.

ஒரு மருமகள், நடுவில் 'பிஸ்மில்லாஹ்' என்று நூலால் எழுதினால் நன்றாக இருக்குமே என்றாள். வேண்டாம் என்றேன். அல்லாஹ்வின் பெயரின் மேல் சோற்றுப் பாத்திரம் வைப்பதும் குழம்பு சிந்துவதும் சங்கை அல்ல. பிஸ்மில்லாஹ்வை நாவால் சொல்லிச் சாப்பிடுவோம்.

தையல் முடியும் தறுவாயில் தம்பியின் மகள் வந்தாள். ஒவ்வொரு சதுரமாக விரல் வைத்துப் பார்த்தாள். "பெரியப்பா, என்ட ஊதாச் சாரி இதுல இல்லையே? அதுலயும் கொஞ்சம் வெட்டுங்களேன்" என்றாள்.

தாத்தா என் முகத்தைப் பார்த்தார். நாலரை அங்குலம்தான். பிள்ளையே கேட்கிறாள். அதன் தாயும் மறுக்கப் போவதில்லை. ஆயினும் என் நாக்கில் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் சட்டம் இருந்தது. "மகள், அது உங்கட சாரி. உங்கட பொருளை வெட்ட பெரியப்பாவுக்கு உரிமை இல்ல. நீங்க பெரியவளாகி, அப்பவும் உங்களுக்கு விருப்பமா இருந்தா, நீங்களே ஒரு பட்டி வெட்டித் தாங்க. மாமி ஓரத்துல சேர்த்துத் தைப்பா" என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, "அப்ப அது உண்மையாவே எனக்குத்தானா?" என்று கேட்டாள். "உண்மையாகவே" என்றேன். ஓடிப் போய்த் தன் உம்மாவிடம் சொன்னாள்.

வாப்பாவை இழந்து மூன்று மாதமான ஒரு பிள்ளைக்கு, தனக்கென்று ஒன்று இருக்கிறது, அதைப் பெரியவர்களும் தொட மாட்டார்கள் என்று அன்று விளங்கியது. அனாதையின் சொத்தைப் பற்றி அல்லாஹ் இத்தனை இடங்களில் ஏன் சொல்கிறான் என்பதை நான் கிதாபில் படித்திருந்தேன். அதை அந்தப் பிள்ளையின் முகத்திலும் கண்டேன்.

இன்னுமொன்று சொல்ல வேண்டும், சகோதரிகளே. இது குறிப்பாக உங்களுக்கானது.

உம்மாவின் உடுப்பும் பாத்திரமும் பெண்மக்களுக்கு, காணியும் கடையும் ஆண்மக்களுக்கு என்றொரு எழுதாத சட்டம் நம் ஊர்களில் நடக்கிறது. "அலுமாரிச் சாமானுக்கு என்ன கணக்கு" என்று நாம் சிரித்துக் கொண்டே எடுத்துக் கொள்கிறோம். பின்னர் காணி பிரிக்கும் நாள் வரும். அப்போது, "அண்டைக்கு உம்மாட சாரி, பீங்கான் எல்லாம் நீங்கதானே எடுத்தீங்க? நாங்க ஒண்டும் கேட்டமா?" என்று நானாமார் சொல்வார்கள். சிறியதில் கணக்கை விட்டவள் பெரியதில் வாயடைத்து நிற்பாள். பத்து பேர்ச் காணியில் தனக்குரியதைக் கேட்க அவளுக்கே வெட்கமாகி விடும்.

எங்கள் வீட்டில் உம்மாவின் காணியைப் பற்றிப் பேச உட்கார்ந்த போது புதிதாக ஒன்றும் எழுத வேண்டியிருக்கவில்லை. சேலைகளுக்கு எழுதிய அதே தாளை எடுத்து வைத்தோம். அதே பெயர்கள், அதே பங்குகள். தொகை மட்டுமே வேறு. மரண சாசனம் எழுதாமல் இறக்கும் முஸ்லிமின் சொத்து, அவர் சார்ந்த பிரிவின் முஸ்லிம் சட்டப்படியே செல்ல வேண்டும் என்று இந்நாட்டின் 1931ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் சொல்கிறது. "உம்மாட சாரிக்கும் கணக்கா?" என்று அழுத தங்கச்சி அன்று அந்தத் தாளைத் தானே வாசித்துக் காட்டினாள். காணியில் அவளது ஆறில் ஒரு பங்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச இடமும் இருக்கவில்லை.

ஆகவே உம்மாவின், வாப்பாவின் உடுப்பில் விரிப்போ தலையணையோ தைக்க விரும்பும் சகோதரியே! தாராளமாகத் தையுங்கள். ஆனால் முதலில் ஒரு தாளும் பேனையும் எடுங்கள். கடன் இருக்கிறதா என்று பாருங்கள். வாரிசுகளின் பெயர்களை எழுதுங்கள். சிறுபிள்ளை இருந்தால் அதன் பங்கை முதலில் ஒதுக்குங்கள். பெரியவர்களிடம் வாய் திறந்து கேளுங்கள். மௌனத்தைச் சம்மதமாக எடுக்காதீர்கள். இரண்டு பேரைச் சாட்சி வையுங்கள். கணக்குத் தெரியாவிட்டால் உங்கள் ஊர் ஆலிம் ஒருவரிடம் தாளைக் காட்டுங்கள். அதன் பின்னர் கத்தரிக்கோலைக் கையில் எடுங்கள்.

அப்படித் தைத்த விரிப்பை அலுமாரியில் பூட்டி வைக்கவும் வேண்டாம். மேசையில் விரியுங்கள். அதன் மேல் உறவினருக்கும் ஏழைக்கும் சோறு வையுங்கள். கறை படட்டும், கழுவலாம். சாப்பிட்டு எழும்போது பிள்ளைகள் உம்மும்மாவுக்காக ஒரு துஆக் கேட்டால், மண்ணறைக்குள் இருப்பவருக்கு நாம் செய்யும் உபகாரம் அதுவே.

அல்லாஹ் நம் பெற்றோரின் கப்றுகளை விசாலமாக்கி வைப்பானாக! அனாதைகளின் பொருளில் ஒரு நூலளவும் நம் கையில் சேர்ந்து விடாமல் காப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.